அழாத குழந்தையை முதலில் கூப்பிடுவோம்

குழந்தைகள் அவசரப் பிரிவின் காத்திருப்பு இடத்தில், யார் முந்தி உள்ளே போவது என்பதில் ஏதாவது ஒரு சண்டை வந்துகொண்டே இருக்கும். "எங்க பையன் வந்ததுலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கான். அந்தப் பாப்பா தூங்கிட்டுத்தானே இருக்கு, அதை ஏன் முதல்ல கூட்டிட்டுப் போறீங்க?" கேட்பவர் மேல் தப்பே இல்லை. பெற்றவர்களுக்கு அழுகைதான் நோயின் அளவுகோல். நர்ஸ்களான எங்களுக்கு அது தலைகீழ். தொண்டை கிழியக் கத்தும் குழந்தைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நுரையீரலுக்குக் காற்று போய் வருகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது, வலிக்கிறதே என்று கோபப்படத் தெம்பும் இருக்கிறது. ஒரே கத்தலில் நாலு பரிசோதனை முடிந்துவிட்டது. தோளில் துணிபோலத் தொங்கிக் கிடக்கும் குழந்தையைப் பற்றித்தான் எங்களுக்கு இன்னும் எதுவுமே தெரியாது.

பெரியவர்கள் பிரிவிலிருந்து குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களும், பயந்துபோய் நிற்கும் பெற்றோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உள்ளே கூட்டிப் போனதும் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்? அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். குழந்தையின் உடல் லேசில் விட்டுக்கொடுக்காது. ரத்தமோ நீரோ குறைந்தால் இதயம் வேகமெடுக்கும், கைகால்களில் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும், முக்கியமான உறுப்புகளுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இப்படி இழுத்துப் பிடித்திருக்கும்வரை பி.பி. நன்றாகவே காட்டும். தாங்க முடியாத கட்டம் வந்ததும் ஒரேயடியாகச் சரியும். அந்தச் சரிவுக்குப் பிறகு மீட்பது ரொம்பக் கஷ்டம். அதனால், மானிட்டரில் எண் கெடுவதற்கு முன்னால் குழந்தையிடம் என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

மருத்துவமனையில் இறக்கும் குழந்தைகளில் பலர், வந்து சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லிவருவது. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் உள்ள பெரிய மருத்துவமனையில் எலிசபெத் மாலினோ என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், வந்தவுடனே ஆபத்தின் அளவைப் பார்த்துத் தரம் பிரிப்பது, ஆபத்தான குழந்தைக்கு அங்கேயே சிகிச்சையைத் தொடங்குவது என்று வரிசை முறையையே மாற்றி அமைத்தார்கள். அதற்கு முன் 10 முதல் 18 சதவீதமாக இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு, 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது என்று 2006-ல் அவர்கள் எழுதினார்கள். புது மருந்தோ பெரிய இயந்திரமோ இதற்குக் காரணம் இல்லை. இந்த முறையின் பயிற்சிக் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தரம் பிரிக்க டாக்டரோ நர்ஸோதான் வேண்டும் என்பதில்லை. வாசலில் நிற்பவர், சீட்டு எழுதுபவர் எனக் குழந்தையை முதலில் பார்க்கும் எவருக்கும் ஆபத்து அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறது அது. மூச்சுத் திணறல், கைகால் சில்லிட்டுப் போனது, நினைவு தப்பியது, வலிப்பு, வயிற்றுப்போக்கில் வற்றிப்போனது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் சீட்டு, கையெழுத்து எல்லாம் அப்புறம்.

சரி, குழந்தை உள்ளே வந்துவிட்டது. தொடுவதற்கு முன் அரை நிமிடம் தள்ளி நின்று பார்ப்போம். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-ஆம் ஆண்டு கொண்டுவந்த பயிற்சியின் வழியாக உலகம் முழுக்கப் பரவிய மதிப்பீட்டு முக்கோணம் அது. தோற்றம், மூச்சுவிடப் படும் பாடு, தோலில் தெரியும் ரத்த ஓட்டம். மூன்றே மூன்று. ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கடிகாரம்கூட வேண்டாம். தள்ளி நிற்பதற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாத ஓர் ஆள் யூனிஃபார்மோடு வந்து கையைப் பிடித்தால் ஒரு வயதுக் குழந்தை வீறிட்டு அழும். நாடி ஏறும், மூச்சு ஏறும், முகம் சிவக்கும். நாமே கெடுத்த எண்ணை நாமே சார்ட்டில் எழுத வேண்டியிருக்கும்.

தோற்றம்தான் மூன்றிலும் அதிகம் பேசும். கைகால் மடங்கித் திமிறுகிறதா, தொய்ந்து தொங்குகிறதா? சுற்றி நடப்பதைக் கவனிக்கிறதா? அம்மா தட்டிக்கொடுத்தால் தேறுகிறதா? கண் யாரையாவது பின்தொடர்கிறதா, எங்கோ வெறித்து நிற்கிறதா? அழுகை பலமாக இருக்கிறதா, முனகலாகத் தேய்ந்துவிட்டதா? என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பிடுங்க வரும் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். ஒன்பது, பத்து மாதக் குழந்தைக்குப் புது முகம் என்றாலே ஆகாது. அந்த வயதில் ஒரு குழந்தை, நான் அம்மா கையிலிருந்து வாங்கும்போது சிணுங்கக்கூட இல்லை என்றால், "என்ன சமர்த்துப் பாப்பா!" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தூக்கினால் அடங்க வேண்டிய அழுகை தூக்கத் தூக்கக் கூடினாலும் யோசிக்க வேண்டும். மூளைக்காய்ச்சலில் அசைத்தாலே வலிக்கும். கீழே கிடத்தியிருந்தால் சும்மா இருக்கும், மடியில் எடுத்தால் கீச்சென்று கத்தும்.

அடுத்தது மூச்சு. குழந்தைகளின் அவசர நிலைகளில் பெரும்பாலும் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. பெரியவர்களில் இதயம் திடீரென்று நின்றுபோவது உண்டு. குழந்தைகளில் அப்படி நேர்வது அபூர்வம். முதலில் மூச்சு திணறும், பிறகு ஆக்சிஜன் குறையும், இதயம் மெதுவாகும், கடைசியில்தான் நிற்கும். ஆக, மூச்சைக் கவனிப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் திணறுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். உள்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் வழி 2 மில்லிமீட்டராகப் பாதியாகிவிடும். காற்று போகும் தடை விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுவதால், தடை 16 மடங்கு ஆகிவிடும். 8 மில்லிமீட்டர் குழாய் உள்ள பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் தடை சுமார் 3 மடங்குதான். நமக்கு வெறும் தொண்டைக் கட்டு, குழந்தைக்கு உயிர்ப் போராட்டம். இதோடு, முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். வெறும் சளி அடைப்பே பால் குடிப்பதை நிறுத்திவிடும்.

ஓர் இரவு, ஆறு மாதக் குழந்தை ஒன்று வந்தது. சளி பிடித்து மூன்றாவது நாள். அம்மா மடியில் சாய்ந்திருந்தது, விழித்துத்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் மானிட்டர் ஒயர்களை ஒட்டிவிட்டு, "அக்கா, மூச்சு 42 காட்டுது, பரவாயில்லை இல்ல?" என்றாள். "சட்டையைத் தூக்கிட்டு நீயே எண்ணு, முழுசா ஒரு நிமிஷம்" என்றேன். அம்மாவிடம், "நீங்களே மடியில வெச்சுக்கோங்கம்மா, எங்கேயும் எடுக்க வேண்டாம்" என்று சொல்லிச் சட்டையை மட்டும் மேலே ஏற்றினோம். ஒவ்வொரு மூச்சுக்கும் கடைசி விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. வயிறு மேலே வரும்போது நெஞ்சு உள்ளே போனது. மூக்கின் இரண்டு பக்கமும் விடைத்தன. தலை, மூச்சோடு சேர்ந்து மெல்ல ஆடியது. பார்க்கிறவர்களுக்குத் தூக்கத்தில் தலையசைப்பது போலத்தான் இருக்கும். அம்மா பால் கொடுத்துப் பார்த்தார். இரண்டு இழு இழுத்துவிட்டு வாயை எடுத்து மூச்சு வாங்கியது, மறுபடி இரண்டு இழு. புது நர்ஸ் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "68 வந்துச்சு அக்கா."

மானிட்டர் நெஞ்சின் அசைவைக் கொண்டு கணக்குப் போடுகிறது. குழந்தை நெளிந்தாலும், ஒயர் சரியாக ஒட்டாவிட்டாலும் கணக்குத் தப்பும். அதனால்தான் கையால் எண்ணச் சொல்கிறோம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைக்கு ஆகாது. சின்னக் குழந்தைகள் சில வினாடி மூச்சை நிறுத்தி, பிறகு படபடவென்று விடுவது இயல்பு. அந்த ஏற்ற இறக்கம் முழு நிமிடத்தில்தான் சமமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அமைதியாக இருக்கும்போது இதை எட்டினாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு.

இதைவிட முக்கியமானது, எண் குறையும்போது ஏன் குறைகிறது என்று பார்ப்பது. 68 இருந்தது ஒரு மணி நேரத்தில் 30 ஆகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். குழந்தை சிரிக்கிறது, பால் குடிக்கிறது, நெஞ்சில் பள்ளம் விழவில்லை என்றால் நல்லதுதான். கண் சொருகி, உடல் தொய்ந்து, மூச்சு மட்டும் மெதுவானால் அது களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த கட்டம் மூச்சு நிற்பது. அதேபோல வீசிங் சத்தம் ஓய்ந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் வரக்கூடக் காற்று போக வேண்டும்.

மூச்சு வெளியே விடும்போதெல்லாம் ஒரு சின்ன முனகல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெற்றோர் அதை வலியில் முனகுகிறது என்பார்கள். சுருங்கிப்போகப் பார்க்கும் நுரையீரலைத் திறந்து வைக்க, குழந்தை தானே குரல்வளையைப் பாதி மூடி அழுத்தம் உண்டாக்கிக்கொள்கிறது. நாங்கள் மெஷின் வைத்துக் கொடுக்கும் அழுத்தத்தை அது சொந்த முயற்சியில் செய்துகொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் முடியும்?

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே. கடும் காய்ச்சலோடு, வாயில் எச்சில் ஒழுக, முகவாயை முன்னால் நீட்டி, கைகளை ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள், வாய்க்குள் கட்டையை விட்டுத் தொண்டையைப் பார்க்காதீர்கள். குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். இதை உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி வந்த பிறகு இது அரிதாகிவிட்டது. அரிதாகிவிட்டதால்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் குழந்தை தனக்கு மூச்சு போகும் ஒரே நிலையைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கலைக்கக் கூடாது.

இனி ரத்த ஓட்டம். பி.பி. பட்டையைச் சுற்றி, எண் வந்ததும் "நார்மல்" என்று எழுதிவிட்டு நகர்வதுபோல ஆபத்தான பழக்கம் குழந்தைகள் பிரிவில் வேறு இல்லை என்பேன். ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவதற்குக் கீழே மேல் பி.பி. இருந்தால் தாழ்வு. நான்கு வயதுக்கு 78. சூத்திரம் சரிதான். ஆனால் ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் போன பிறகுகூடக் குழந்தையின் பி.பி. சரியாகவே காட்டலாம். ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லிதான் குழந்தையின் மொத்த ரத்தம். 5 கிலோ குழந்தைக்கு 400 மில்லி. அந்த அளவில் கால் பங்கு எவ்வளவு கொஞ்சம் என்று யோசித்துப் பாருங்கள். 78-க்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பது, கரை உடைந்த பிறகு மண்மூட்டை தேடுவதுபோல.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நாடி வேகத்தை. கைக்குழந்தைக்கு 140 சாதாரணம். பத்து வயதுப் பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும்போது 140 வந்தால் காரணம் தேட வேண்டும். காய்ச்சல், அழுகை, பயம் எல்லாமே நாடியை ஏற்றும் என்பது உண்மை. அதற்காகக் காய்ச்சல்தானே என்று விட்டுவிட முடியாது. காய்ச்சல் இறங்கி, அழுகை நின்ற பிறகும் நாடி இறங்கவில்லையா என்று திரும்பப் பார்க்க வேண்டும். அழுதாலும் தூங்கினாலும் 230-லேயே அசையாமல் நிற்கிறது என்றால் அது வேறு கதை. இதயத்தின் தாளக் கோளாறு, உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம், மோசமாக இருக்கும் குழந்தையின் நாடி குறைந்துகொண்டே போவது எல்லாவற்றிலும் பயங்கரம். ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்கு உதவியும் செய்த பிறகு துடிப்பு 60-க்குக் கீழே, ரத்த ஓட்டமும் மோசம் என்றால், நாடி இருக்கும்போதே நெஞ்சை அழுத்தத் தொடங்குகிறோம். பெரியவர்கள் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அப்புறம் விரல் பரிசோதனை. நெஞ்செலும்பின் மேல் ஐந்து வினாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடத்துக்கு இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூன்றைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். குளிரில் வந்த குழந்தையின் விரல் நுனியில் மட்டும் பார்த்தால் ஏமாற்றும், அதனால்தான் நெஞ்சில் பார்க்கிறோம். சில்லிப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று கையின் பின்புறத்தால் தடவிக்கொண்டே போவேன். பாதம் மட்டுமா, கணுக்கால் வரையா, முழங்கால் தொட்டுவிட்டதா? அரை மணி நேரத்தில் அந்த எல்லை மேலே ஏறினால் நிலைமை மோசமாகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகங்களில் வெளிறல், நீலம், திட்டுத்திட்டான தோல் எல்லாம் நெடுங்காலமாக வெள்ளைத் தோல் குழந்தைகளின் படங்களாகவே வந்தன. கருத்த தோலில் இவற்றை உதடு, நாக்கு, கீழிமையின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்காலில்தான் தேட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கும் இதே கோளாறு இருக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது கருப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம். கருவி 94 காட்டும்போது குழந்தை திணறிக்கொண்டிருந்தால், நான் குழந்தையைத்தான் நம்புவேன்.

ரத்த ஓட்டம் மோசம் என்றால் ட்ரிப்ஸை வேகமாக ஏற்ற வேண்டும் என்பதுதான் ரொம்ப நாளாக எல்லோருடைய கை தன்னாலே செய்த வேலை. 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு அதை உலுக்கிவிட்டது. கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த குழந்தைகளில், நீரை வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், வேகமாக ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கால் வற்றிப்போன குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை, தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகளில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் நர்ஸுக்கு இதில் நேரான பாடம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் திரும்பப் பார். மூச்சு கூடியதா, நெஞ்சில் புதிதாகக் கரகரப்பு கேட்கிறதா, கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கியதா? ட்ரிப்ஸைத் திறந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற வேலை இல்லை இது.

மூளைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திருக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, வலித்தால் மட்டும் அசைகிறதா, எதற்கும் அசையவில்லையா என்ற நான்கு படி போதும் முதல் பார்வைக்கு. பேசத் தெரியாத குழந்தையிடம் "உன் பேர் என்ன?" என்று கேட்கும் அளவுகோல் உதவாது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்போம், நிமிர்த்தி வைத்து, அழாமல் இருக்கும்போது. புடைத்திருந்தால் ஒரு கவலை, குழி விழுந்திருந்தால் வேறு கவலை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருந்து. அப்புறம் குளுக்கோஸ். சோர்ந்துபோன, வலிப்பு வந்த, நினைவு தப்பிய எந்தக் குழந்தைக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. குழந்தையின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, செலவு அதிகம். பால் குடிக்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 45-க்குக் கீழே என்றால் உடனே குளுக்கோஸ். இவ்வளவு சுலபமாகச் சரிசெய்யக்கூடிய ஆபத்து இந்தப் பிரிவில் வேறு எதுவும் இல்லை.

துணியைக் கழற்றிப் பார்ப்பதும் மதிப்பீட்டில் சேர்த்தி. முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துவிட்டு உடனே மூட வேண்டும், குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் காய்ச்சலோடு இருந்தால், அது ரத்தத்தில் கிருமி பரவுவதன் அடையாளமாக இருக்கலாம்; புள்ளிகளை எண்ணிக்கொண்டு நிற்க நேரமில்லை. இன்னும் புரளக்கூடத் தெரியாத குழந்தையின் உடலில் கன்றிப்போன காயம் இருந்தால், எப்படி வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். சங்கடமான கேள்விதான். மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால், எவ்வளவு சிரித்தாலும் அது அவசரம். அந்த வயதில் உடம்பு சில்லிட்டுப்போவதும் அதே அளவு அவசரம்.

இதற்கெல்லாம் நடுவில் எடை வேண்டும். குழந்தைக்கு எந்த மருந்தும் கிலோ கணக்கில்தான். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து. எடை பார்க்க நேரமில்லாதபோது உயரத்தை வைத்து எடையை ஊகிக்கும் வண்ணப் பட்டையை ஜேம்ஸ் பிராஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் 1980-களில் உருவாக்கினார், ராபர்ட் லூட்டன் அவரோடு சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தினார். குழந்தையின் பக்கத்தில் பட்டையை விரித்தால் பாதம் எந்த வண்ணத்தில் முடிகிறதோ அதில் எடையும் மருந்தளவும் இருக்கும். குண்டான குழந்தைக்குக் குறைத்தும், மெலிந்த குழந்தைக்குக் கூட்டியும் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அருமையான கருவி. எங்கள் பிரிவில் இன்னொரு பழக்கம்: மருந்தை இழுத்ததும் எடை, அளவு, மில்லி மூன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் என்ன கேட்பது என்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு: "என்ன நோய்?" என்று கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக எப்போது சிறுநீர் போனது, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதியாவது குடித்ததா, வாந்தி பச்சையாக இருந்ததா, காய்ச்சல் மருந்து எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள், வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருக்கிறார்களா. இவற்றுக்குப் பதில் அவர்களுக்குத் தெரியும். வலிப்போ விநோதமான மூச்சோ வந்தால், இரண்டு பேர் இருக்கும்போது ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மா பத்து நிமிடம் விவரிப்பதை அந்த இருபது வினாடி காட்டிவிடும்.

"எப்பவும் இப்படி இருக்க மாட்டா சிஸ்டர், இது என்னவோ வேற மாதிரி இருக்கு" என்று ஓர் அம்மா சொன்னால், அதைச் சார்ட்டில் அப்படியே எழுதுங்கள். நாடி, மூச்சு, சூடு மாதிரி அதுவும் ஓர் அளவு. இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண், சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, பிறகு ரத்தத்தில் தொற்று பரவி 2021-ல் இறந்துபோனாள். பெற்றோர் கவலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அதன் பிறகு வந்த மார்த்தா விதி 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது: குடும்பத்தினர் நினைத்தால் வேறொரு குழுவை நேரடியாகக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் ரயன் விதி என்று இதே மாதிரி ஒன்று அதற்கு முன்பே இருக்கிறது. இரண்டு விதியும் இறந்துபோன ஒவ்வொரு குழந்தையின் பெயரில் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எண்களைக் கூட்டி மதிப்பெண் போடும் எச்சரிக்கைச் சார்ட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பிரிட்டனில் ஆலன் மோனகன் 2005-ல் எழுதிய முறைக்குப் பிறகு இவை எங்கும் பரவின. நல்ல விஷயம்தான், இளம் நர்ஸ் ஒருவர் மூத்த டாக்டரை நடுராத்திரி எழுப்ப அந்த எண் தைரியம் கொடுக்கிறது. ஆனால் 7 நாடுகளில் 21 மருத்துவமனைகளில் நடந்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், இப்படியொரு சார்ட்டால் இறப்பு குறையவில்லை. தாமதமாகத் தீவிர சிகிச்சைக்குப் போவது மட்டும் ஓரளவு குறைந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எண்ணாமல் எழுதிய மூச்சையும், அழும்போது எடுத்த நாடியையும் எத்தனை முறை கூட்டினாலும் சரியான விடை வராது.

கடைசியாக, பார்த்ததைச் சொல்லும் விதம். "நாலாம் பெட் குழந்தை கொஞ்சம் டல்லா இருக்கு டாக்டர்" என்று போனில் சொன்னால், "சரி, ரவுண்ட்ஸ் வரும்போது பார்க்கிறேன்" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "8 மாதக் குழந்தை, 7 கிலோ, ரெண்டு நாளா வயிற்றுப்போக்கு. நாடி 190, அழாம இருக்கும்போது எண்ணினது. நெஞ்சுல அழுத்தினா நிறம் திரும்ப 4 வினாடி ஆகுது. சில்லிப்பு முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கு. பி.பி. 82. சர்க்கரை பார்த்தாச்சு, 70. அரை மணி நேரத்துக்கு முன்னாடி அம்மாவைப் பார்த்துச்சு, இப்போ பார்க்கலை. நீங்க உடனே வரணும்." மறுமுனையில் "பி.பி. நல்லாத்தானே இருக்கு?" என்று கேள்வி வந்தால், நாடி, நிறம் திரும்பும் நேரம், சில்லிப்பு என்று அதற்கு முன்னால் சொன்ன மூன்றையும், அம்மாவைப் பார்க்கவில்லை என்று பின்னால் சொன்னதையும் இன்னொரு தடவை சொல்லுங்கள், போனை வைக்காமல்.